கவுண்டி கிரிக்கெட்டுக்கு ஆகஸ்ட் மாசத்தைத் திருப்பிக் குடுங்க

இங்கிலாந்து கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) கிரிக்கெட்ல எங்க லெஸ்டர்ஷயர் டீம் மேல் டிவிஷனான டிவிஷன் ஒன்னுக்கு வந்துட்டாங்க. 2003க்கு அப்புறம் இப்பதான். 2013, 2014 ரெண்டு சீசன்லயும் ஒரே ஒரு சாம்பியன்ஷிப் மேட்ச் கூட ஜெயிக்காத டீம் இது, "இதெல்லாம் எதுக்கு இன்னும் கவுண்டின்னு வச்சிருக்கீங்க"ன்னு கேட்டவங்க நிறைய. அதே டீம் 2023ல ஒன் டே கப் அடிச்சாங்க, 2025ல டிவிஷன் டூவுல முதலிடம். லெஸ்டர்ல குடியிருக்கிற எனக்கு இது எவ்வளவு பெரிய சந்தோஷம்னு சொல்லத் தெரியல. ஆனா அந்த சந்தோஷத்தைப் பகிர்ந்துக்க ஆளைத் தேட வேண்டியிருக்கு பாருங்க, அதுதான் மனசை அரிக்குது. இந்த ஊர்ல 40 சதவீதத்துக்கு மேல ஆசிய வம்சாவளி மக்கள், ஐபிஎல் சீசன்ல எந்த வீட்டுக்குப் போனாலும் டிவில மேட்ச் ஓடும், பார்க்ல சாயங்காலம் ஆனா டேப் பால் விளையாடுற பசங்க, அப்படிப்பட்ட ஊர்ல லெஸ்டர்ஷயர் ஆடுற கிரேஸ் ரோடுன்னு ஒரு கிரவுண்ட் இருக்குறதே நிறைய பேருக்குத் தெரியாது, தெரிஞ்சவங்களும் உள்ள போனதில்ல.

ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்காக ரெண்டு வரி. கவுண்டி சாம்பியன்ஷிப்ங்கிறது இங்க நம்ம ரஞ்சி டிராபி மாதிரி. 1890ல இருந்து அதிகாரபூர்வமா நடக்குது. 18 கவுண்டி, ரெண்டு டிவிஷன், ஒவ்வொரு டீமும் 14 நாலு நாள் மேட்ச். அது போக டி20 பிளாஸ்ட், ஒன் டே கப். அதுக்கெல்லாம் மேல 2021ல இருந்து ஹண்ட்ரட், அதாவது கவுண்டி இல்லாம தனி டீம்கள் வச்சு ஆளுக்கு 100 பால் ஆடுற போட்டி.

"கவுண்டி கிரிக்கெட் செத்துட்டு இருக்கு, நாலு நாள் மேட்ச் பாக்க யாருக்கு நேரம் இருக்கு, இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை இல்ல"ன்னு எப்பவும் ஒரு பேச்சு ஓடும். நான் இதை ஒத்துக்கவே மாட்டேன். பொறுமை இல்லாததெல்லாம் பிரச்சனையே இல்லங்க, மேட்ச் நடக்குற தேதியைப் பாருங்க. சீசன் ஏப்ரல் ஆரம்பத்துல தொடங்குது, அப்போ இங்க குளிர்ல பல்லு தந்தியடிக்கும். ஏப்ரல், மே ரெண்டு மாசத்துலயே பாதி சாம்பியன்ஷிப்பை ஆடி முடிச்சிடறாங்க. அப்புறம் அங்கொண்ணும் இங்கொண்ணுமா சில ரவுண்ட், மறுபடி வெளிச்சம் சீக்கிரம் போற செப்டம்பர்ல மிச்சம். நடுவுல வெயில் அடிக்கிற, ஸ்கூல் லீவு விட்ட, அப்பா அம்மா லீவு போட்டு பிள்ளைங்களை எங்க கூட்டிட்டுப் போறதுன்னு யோசிக்கிற ஆகஸ்ட் மாசம் இருக்கே, 2025ல ஒரு ரவுண்ட் ஆகஸ்ட் 1ஆம் தேதியோட முடிஞ்சது, அடுத்த ரவுண்ட் செப்டம்பர்லதான். ஆகஸ்ட் பூரா ஹண்ட்ரட்டுக்கு எழுதிக் குடுத்தாச்சு. ஜனங்க வரக்கூடிய நேரத்துல கடையைப் பூட்டி வச்சிட்டு வியாபாரம் இல்லன்னு சொன்னா எப்படி?

வரலாறும் இதைத்தான் சொல்லுது. 1947ல டெனிஸ் காம்ப்டன் ஒரே சீசன்ல 3,816 ரன், 18 செஞ்சுரி அடிச்ச வருஷம், கவுண்டி மேட்ச் பாக்க 20 லட்சம் பேருக்கு மேல வந்தாங்க. போர் முடிஞ்ச புதுசு, ஜனங்களுக்கு வேற பொழுதுபோக்கு கம்மி. அப்புறம் கூட்டம் சரிய ஆரம்பிச்சது, அப்போ கவுண்டிகள் கையைக் கட்டிட்டு உக்காரல. 1963ல ஜில்லெட் கப்னு ஒரு நாள் போட்டியைக் கொண்டு வந்தாங்க. 1969ல ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்குன்னே 40 ஓவர் லீக், அதையும் பிபிசி2ல காட்டினாங்க. 2003 ஜூன்ல டி20. இன்னைக்கு உலகம் பூரா கோடி கோடியா பணம் புரள்ற அந்த ஆட்டம் இந்த கவுண்டி கிரவுண்ட்லதான் பொறந்துச்சு, அதை மறந்துட்டு கவுண்டியைப் பழைய பஞ்சாங்கம்னு பேசுறவங்களைப் பாத்தா எனக்குக் கோவம் வருது. அந்த டி20யோட வெற்றிக்கு 20 ஓவர்ங்கிறது ஒரு காரணம்னா சாயங்காலம் அஞ்சரை மணிக்கு ஆரம்பிச்சது இன்னொரு காரணம். ஆபீஸ் முடிச்சு, ஸ்கூல் முடிச்சு வரலாம், ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடலாம். அடுத்த வருஷமே லார்ட்ஸ்ல மிடில்செக்ஸ் சர்ரே மேட்ச்சுக்கு 27,509 பேர் வந்தாங்க, ஃபைனல் இல்லாத ஒரு கவுண்டி மேட்ச்சுக்கு அந்த கிரவுண்ட்ல 1953க்கு அப்புறம் அவ்வளவு கூட்டம் வந்ததில்ல. ஜனங்களோட நேரத்துக்கு மேட்ச் வந்தா ஜனங்க மேட்ச்சுக்கு வருவாங்க.

அதனால என் முதல் கோரிக்கை, ஆகஸ்ட்ல ரெண்டே ரெண்டு ரவுண்ட் சாம்பியன்ஷிப் ஆடுங்க. ஹண்ட்ரட் நடக்கட்டும், அதை நிறுத்தச் சொல்லல. "பெரிய பிளேயர் எல்லாம் ஹண்ட்ரட்ல இருப்பாங்களே, சாம்பியன்ஷிப்போட தரம் போயிடுமே"ன்னு உடனே சொல்வாங்க. நியாயமான கேள்விதான். ஆனா இப்பவே ஒன் டே கப் ஹண்ட்ரட் நடக்கும்போதே அப்படித்தானே நடக்குது? அந்தப் போட்டியைப் போயி பாத்தா தெரியும், சின்னப் பசங்க ஆடுறாங்க, குடும்பம் குடும்பமா வர்றாங்க, எங்க டீம் 2023ல கப் அடிச்சதும் அதுலதான், ஃபைனல்ல ஹாம்ப்ஷயரை 2 ரன்ல ஜெயிச்சாங்க. இன்னொண்ணும் சொல்றேன், 2024 ஆகஸ்ட் கடைசில ஹண்ட்ரட் முடிஞ்ச கையோட சாம்பியன்ஷிப் மேட்ச் வச்சாங்க. டிரென்ட் பிரிட்ஜ்ல சர்ரேக்கு எதிரா ஃபர்ஹான் அகமதுன்னு 16 வயசுப் பையன் மேட்ச்ல 10 விக்கெட் எடுத்தான். இங்கிலாந்து மண்ணுல ஃபர்ஸ்ட் கிளாஸ் மேட்ச்ல 10 விக்கெட் எடுத்த சின்ன வயசு ஆளு, 1865ல டபிள்யூ ஜி கிரேஸ் வச்சிருந்த ரெக்கார்டைத் தாண்டிட்டான். ஸ்கூல் லீவுல அவன் வயசுப் பிள்ளைங்க ஸ்டாண்ட்ல உக்காந்து பாக்க முடிஞ்ச மேட்ச் அது. இதை விட நல்ல விளம்பரம் எந்த கம்பெனி எடுத்துத் தரும்?

ஃபர்ஹானோட அண்ணன்தான் எங்க ரெஹான். அப்பா டாக்ஸி ஓட்டினவர். 18 வயசுல கராச்சில டெஸ்ட் டெபு, இங்கிலாந்து ஆண்கள் டீமுக்கு ஆடினதுலயே சின்ன வயசு டெஸ்ட் பிளேயர், அந்த மேட்ச்லயே ஒரே இன்னிங்ஸ்ல 5 விக்கெட். அண்ணன் லெஸ்டர்ஷயர், தம்பி பக்கத்துக் கவுண்டி நாட்டிங்ஹாம்ஷயர். 2025ல அண்ணன் டீம் டிவிஷன் டூ ஜெயிச்சது, தம்பி டீம் டிவிஷன் ஒன் ஜெயிச்சது. இந்தக் கதையை லெஸ்டர்ல ஒவ்வொரு ஸ்கூல் வாசல்லயும் போஸ்டர் அடிச்சு ஒட்டணுமா வேணாமா? ஒரு பஸ் ஸ்டாப்ல கூட நான் பாத்ததில்ல.

இங்கதான் எனக்கு ரொம்ப ஆதங்கம். புது ரசிகர்கள் எங்கன்னு தேடிட்டே இருக்காங்க, ஆனா ரசிகர்கள் ஏற்கனவே பார்க்ல ஆடிட்டு இருக்காங்க. இங்கிலாந்துல கிளப் அளவுல ஆடுறவங்கள்ல கிட்டத்தட்ட 30 சதவீதம் தெற்காசிய வம்சாவளி, ஆனா புரொஃபஷனல் கவுண்டி அளவுக்கு வர்றது 5 சதவீதம் மாதிரிதான்னு பல வருஷமா சொல்லிட்டு வர்றாங்க. கிரிக்கெட்ல சமத்துவம் இருக்கான்னு விசாரிச்ச ஐசிஇசிங்கிற தனி கமிஷன் 2023ல விட்ட அறிக்கை இனவெறி, பெண்களை ஒதுக்குறது, பணக்கார ஸ்கூல் பசங்களுக்கே வாய்ப்பு போறது எல்லாத்தையும் பட்டவர்த்தனமா எழுதிச்சு. சவுத் ஏசியன் கிரிக்கெட் அகாடமினு ஒண்ணு ஆரம்பிச்சு, கவுண்டிகள் கைவிட்ட பசங்களை மறுபடி ட்ரெயின் பண்ணி கான்ட்ராக்ட் வாங்கித் தர்றாங்க, சர்ரேல எபனி ரெயின்ஃபோர்ட் பிரென்ட் கறுப்பினப் பிள்ளைங்களுக்காக ஏஸ் புரோகிராம் தொடங்கினாங்க, இவங்களுக்கெல்லாம் கோடி கும்பிடு. நான் சொல்ல வர்றது டிக்கெட் விஷயத்துக்கும் இது பொருந்தும்ங்கிறதுதான். தெருவுல இருக்குற ஒரு பையன் டீமுக்குள்ள போனா அந்தத் தெருவே மேட்ச் பாக்க வரும். தெருவுல இருந்து யாருமே போகலன்னா அந்த கிரவுண்ட் வேற யாரோடதோதான்.

லண்டன்ல ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் நம்ம ஈழத் தமிழ் பிள்ளைங்க சனி ஞாயிறு ஆனா எவ்வளவு தீவிரமா கிரிக்கெட் ஆடுறாங்கன்னு பாத்தவங்களுக்குத் தெரியும். டூட்டிங்ல இருந்து சர்ரேயோட கிரவுண்டான ஓவலுக்கு நார்தர்ன் லைன்ல ஒரே டிரெயின். அஸ்வின் 2021ல அங்க சர்ரேக்கு ஒரே ஒரு மேட்ச் ஆடி சாமர்செட்டுக்கு எதிரா 27 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். சாய் சுதர்சன் 2023, 2024 ரெண்டு வருஷமும் சர்ரேக்கு வந்தார், செஞ்சுரியும் அடிச்சார், 2025ல சாய் கிஷோர் வந்தார். வாஷிங்டன் சுந்தர் லங்காஷயர், அப்புறம் ஹாம்ப்ஷயர். இன்னும் பின்னாடி போனா வெங்கட்ராகவன் 1970கள்ல டெர்பிஷயருக்கு மூணு சீசன் ஆடியிருக்கார், முரளியை இன்னைக்கும் லங்காஷயர் பெரியவங்க கொண்டாடுறாங்க. இவங்க ஆடும்போது ஊர்ல இருந்து நண்பர்கள் யூடியூப் லிங்க் கேட்டு மெசேஜ் அனுப்புவாங்க, கவுண்டிகள் சாம்பியன்ஷிப் மேட்ச்சை ஃப்ரீயா யூடியூப்ல காட்டுறது அவ்வளவு நல்ல விஷயம். அந்த மேட்ச் முடிஞ்சதும் அத்தனை பேரும் காணாம போயிடறாங்க. அந்த வாரத்துலயே பக்கத்துல இருக்குற தமிழ் கிளப், குஜராத்தி கிளப், பஞ்சாபி கிளப் எல்லாத்துக்கும் ஒரு போன் போட்டு "இருபது டிக்கெட் வச்சிருக்கோம், பசங்களைக் கூட்டிட்டு வாங்க"ன்னு சொல்ல ஒரு ஆளைப் போட்டா என்ன குறைஞ்சிடும்?

அடுத்தது சின்ன ஊர் கிரவுண்ட். இது எனக்கு உயிர். யார்க்‌ஷயர் வருஷா வருஷம் ஸ்கார்பரோவுக்குப் போய் ஆடுவாங்க, கடலோர ஊரு, சாய் கிஷோர் சர்ரேக்கு முதல் மேட்ச் ஆடினது அங்கதான். டெர்பிஷயர் செஸ்டர்ஃபீல்டுல குயின்ஸ் பார்க்ல ஆடுவாங்க, அது நிஜமாவே ஊர்ப் பார்க், சுத்தி மரம், பக்கத்துல குட்டி ரயில் ஓடும், கோணலா வளைஞ்ச சர்ச் கோபுரம் தூரத்துல தெரியும். செல்டன்ஹாம்ல 1872ல இருந்து ஒரு காலேஜ் மைதானத்துல குளோஸ்டர்ஷயர் ஆடுறாங்க, கூடாரம் போட்டு, நம்ம பக்கம் ஊர்க்கொடைக்கு சொந்த பந்தம் எல்லாம் கூடுற மாதிரி வருஷத்துக்கு ஒருக்கா ஜனம் கூடும். 1983ல கபில் தேவ் 175 அடிச்ச டன்பிரிட்ஜ் வெல்ஸ் கூட இப்படி ஒரு கென்ட் சின்ன ஊர் கிரவுண்ட்தான். இதெல்லாம் செலவு புடிச்ச வேலைன்னு ஒவ்வொண்ணா குறைச்சிட்டே வர்றாங்க. டெம்பரரி சீட், டாய்லெட், பிட்ச் கவர், எல்லாம் காசுதான், ஒத்துக்கறேன். ஆனா ஜனங்க இருக்குற எடத்துக்கு ஆட்டம் போனாத்தான் ஜனங்க ஆட்டத்தைத் தேடி வருவாங்க. எங்க திருநெல்வேலில சங்கர் நகர் கிரவுண்ட்லயும் திண்டுக்கல் பக்கம் நத்தத்துலயும் டிஎன்பிஎல் வந்தப்போ என்ன கூட்டம்னு பாத்தோமே.

காசு எங்க இருந்து வரும்னு கேப்பீங்க. 2025ல ஹண்ட்ரட் டீம்களோட பங்கை வித்து கிட்டத்தட்ட 52 கோடி பவுண்ட் வந்திருக்கு. சென்னை சன் குழுமம் லீட்ஸ் டீமை முழுசா வாங்கியிருக்காங்க, 10 கோடி பவுண்டுக்கு. அந்தப் பணத்துல பெரிய பங்கு கவுண்டிகளுக்குத்தான் போகுது. கடனை அடைங்க, வேணாம்னு சொல்லல. ஆனா மொத்தமும் கடனுக்கும் ஹோட்டல் கட்டுறதுக்கும் கார்ப்பரேட் பாக்ஸுக்கும் போயிடக் கூடாது. ஒவ்வொரு கவுண்டியும் ரெண்டு சின்ன ஊர் கிரவுண்டைத் தயார் பண்ணட்டும், 16 வயசு வரைக்கும் எல்லாப் பிள்ளைங்களுக்கும் சாம்பியன்ஷிப் ஃப்ரீன்னு எல்லா கவுண்டியும் சொல்லட்டும். சில எடத்துல டீக்கு அப்புறம் டிக்கெட் விலையைக் குறைக்கிறாங்க, அதை எல்லா எடத்துலயும் கொண்டு வாங்க, நாலு மணிக்கு வேலை முடியுறவன் வந்து கடைசி செஷன் பாத்துட்டுப் போகட்டும். பெண்கள் டீமுக்கு 2025ல எட்டு கவுண்டிகள்ல முழுநேர புரொஃபஷனல் அமைப்பு வந்திருக்கு, பிளாஸ்ட் அன்னைக்கு ஒரே டிக்கெட்ல ரெண்டு மேட்ச்சும் காட்டுங்க, எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி எத்தனையோ பொண்ணுங்க அதைப் பாத்துட்டுத்தான் பேட் எடுக்கப் போறாங்க.

இன்னொரு சின்ன விஷயம், யாரும் பேசாதது. முதல் தடவை வர்றவங்களுக்கு சாம்பியன்ஷிப்ல ஒண்ணுமே புரியாது. ஜெயிச்சா 16 பாயின்ட், டிராவுக்கு 8, அது போக முதல் இன்னிங்ஸ்ல 110 ஓவருக்குள்ள எத்தனை ரன், எத்தனை விக்கெட்னு பேட்டிங் பாயின்ட் பவுலிங் பாயின்ட். கூட்டம் திடீர்னு கை தட்டும், எதுக்குன்னு புதுசா வந்தவனுக்குத் தெரியாது, 250 தாண்டி ஒரு பாயின்ட் கிடைச்சிருக்கும். ஸ்கோர்போர்டுல ஒரு வரி போடலாம், மைக்ல ஒரு வார்த்தை சொல்லலாம். இல்லன்னா வருஷம் முழுக்க வர்ற அந்தத் தாத்தாக்களுக்கு ஒரு பேட்ஜ் குத்தி விடுங்க, "என்கிட்ட கேளுங்க"ன்னு. அவங்க மாதிரி ஆட்டத்தை விளக்க யாராலயும் முடியாது, கேட்டா அவ்வளவு ஆசையா சொல்வாங்க. லஞ்ச் டைம்ல பல கிரவுண்ட்ல பிள்ளைங்களை அவுட்ஃபீல்டுக்குள்ள விளையாட விடுவாங்க, அஞ்சு நிமிஷம் முன்னாடி ஃபீல்டர் நின்ன அதே புல்லுல. டெஸ்ட் மேட்ச்ல, ஐபிஎல்ல கிடைக்காத விஷயம் இது. இதைப் போட்டோ எடுத்து விளம்பரம் பண்ணுங்கய்யா முதல்ல. கூடவே சாப்பாட்டுக் கடையில ஹலாலும் சைவமும் இருக்கட்டும், மீட் பை, சிப்ஸ், பீர் மட்டும் வச்சிட்டு எல்லாரும் வாங்கன்னா எப்படி வருவாங்க.

கடைசியா ஒண்ணு, 18 கவுண்டி அதிகம், குறைக்கணும்னு சொல்றவங்களுக்கு. டர்ஹாம் 1992லதான் ஃபர்ஸ்ட் கிளாஸ் கவுண்டி ஆச்சு. அது இல்லன்னா ஹார்மிசன், காலிங்வுட், மார்க் வுட், ஸ்டோக்ஸ் எல்லாம் எந்த வழியா வந்திருப்பாங்க? ஸ்டூவர்ட் பிராட் ஆரம்பிச்சது எங்க கிரேஸ் ரோடுல. எங்களை மாதிரி சின்ன கவுண்டி வளத்து விடுவாங்க, பெரிய கிரவுண்ட் இருக்குற கவுண்டி தூக்கிட்டுப் போவாங்க, அப்புறம் நாங்க தேவையில்லன்னு கணக்குப் போடுவாங்க. 2025 செப்டம்பர்ல மேட்ச்சைக் குறைக்கணும்னு பேச்சு வந்தப்போ கவுண்டிகள் 14 மேட்ச்சே இருக்கட்டும்னு நின்னாங்க, எனக்கு நிம்மதியா இருந்துச்சு. பெரும்பாலான கவுண்டி இன்னும் மெம்பர்ஸ் கையிலதான் இருக்கு, மெம்பர் ஆனா ஓட்டு உண்டு, ஏஜிஎம்ங்கிற வருஷாந்திரப் பொதுக்கூட்டத்துல எந்திரிச்சு ஆகஸ்ட் எங்கன்னு கேக்கலாம். இங்க இருக்குற நம்மாளுங்க ஸ்கை, ஜிம், நெட்ஃபிளிக்ஸ்னு மாசாமாசம் கட்டுறோமே, அதுல ஒண்ணை நிறுத்திட்டு மெம்பர்ஷிப் எடுங்க.

லெஸ்டர் பக்கம் இருக்குறவங்க யாராவது கிரேஸ் ரோடு வரணும்னா ஒரு மெசேஜ் போடுங்க, ஸ்டேஷன்ல இருந்து பஸ் எதுன்னு சொல்றேன். சனி, ஞாயிறு நாள் பாத்து வாங்க, ஏப்ரல்னா ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்குங்க, ஃபிளாஸ்க்ல டீ நான் கொண்டு வர்றேன், பிள்ளைங்க இருந்தா ஒரு டென்னிஸ் பாலும் பேட்டும் மறக்காம எடுத்துட்டு வாங்க.