ஐஸ்லாந்து யார் உதவியும் இல்லாமல் மீளவில்லை

2008 நிதி நெருக்கடியைப் பற்றி, "ஐஸ்லாந்து வங்கிகளைச் சாகவிட்டது, ஐஎம்எஃப்பை (சர்வதேச நாணய நிதியத்தை) வாசலோடு திருப்பி அனுப்பியது, அதனால்தான் மீண்டது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி.

2008 அக்டோபரில் கிளிட்னிர், லாண்ட்ஸ்பாங்கி, கௌப்திங் என்ற மூன்று பெரிய வங்கிகளும் விழுந்தது உண்மை. அந்த வங்கிகளுக்குக் கடன் கொடுத்த வெளிநாட்டவர்களின் நட்டத்தை அரசு தன் தலையில் ஏற்றிக்கொள்ளவில்லை என்பதும் உண்மை. ஆனால் அடுத்த மாதமே ஐஎம்எஃப்பிடம் சுமார் 210 கோடி டாலர் கடனுக்கு ஒப்பந்தம் போட்டது அதே அரசுதான். டென்மார்க், ஸ்வீடன் போன்ற நார்டிக் நாடுகளும் கடன் கொடுத்தன. உள்நாட்டு வைப்புகளைப் புதிய வங்கிகளுக்கு மாற்றி, அவற்றில் அரசே முதலீடு செய்தது. இதை வங்கிகளைக் கைகழுவியது என்று எப்படிச் சொல்வது?

யாரும் பேசாத விஷயம் இன்னொன்று: மூலதனக் கட்டுப்பாடுகள். பணம் நாட்டைவிட்டு ஓடாமல் தடுக்க 2008இல் போட்டவை, பெருமளவில் நீங்கியது 2017 மார்ச்சில்தான். தாராளச் சந்தை பேசிய ஐஎம்எஃப்பே அதற்கு ஒப்புக்கொண்டது. என் பார்வையில் இந்தக் கதையின் மிக முக்கியமான பகுதி இதுதான்.

அப்புறம், மக்களுக்கு வலிக்காமல் நடந்ததும் இல்லை. ஐஸ்லாந்தின் நாணயமான குரோனாவின் மதிப்பு பாதியளவுக்குச் சரிந்தது. வீட்டுக்கடன்களில் பெரும்பாலானவை விலைவாசியோடு பிணைக்கப்பட்டவை, விலைவாசி ஏறியதால் ஒழுங்காகத் தவணை கட்டியவர்களின் அசலும் ஏறியது. ஆனால் சொந்த நாணயம் சரிந்ததால் வெளிநாட்டவருக்கு எல்லாம் மலிவானது, ஏற்றுமதியும் சுற்றுலாவும் கைகொடுத்தன. அதே காலத்தில் கடன் நெருக்கடியில் சிக்கிய கிரீஸின் நாணயம் பல நாடுகளுக்குப் பொதுவான யூரோ, அதனால் அதற்கு அந்த வழியே கிடையாது. "கிரீஸும் இப்படிச் செய்திருக்கலாமே" என்று கேட்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.