லென்ஸுக்குக் காசை ஒதுக்கிவிட்டுக் கமரா பாருங்கள்

"அண்ணா, கையில மூன்று இலட்சம் இருக்கு, எந்தக் கமரா எடுக்கலாம்?" இந்தக் கேள்வி உள்பெட்டிக்கு வந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் கொழும்பில் வேலை பார்த்துக்கொண்டு, சனி ஞாயிறுகளில் கல்யாண வீடு, சாமத்திய வீடு என்று படம் எடுக்கத் தொடங்கியிருக்கும் தம்பிமார், தங்கச்சிமார். எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: மூன்று இலட்சத்தையும் கமரா பொடிக்கு, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கமராவுக்குக் கொடுத்துவிட்டு, பெட்டிக்குள் கூட வரும் கிட் லென்ஸோடு வீட்டுக்குப் போகாதீர்கள். பாதியை, முடிந்தால் பாதிக்கு மேலேயே, லென்ஸுக்கு எடுத்து வையுங்கள். மிச்சத்துக்குக் கிடைக்கிற பொடி போதும், நாலைந்து வருடம் பழசாக இருந்தாலும் பரவாயில்லை.

நாம் எந்த வெளிச்சத்தில் படம் எடுக்கிறோம் என்று கொஞ்சம் யோசியுங்கள். வருடம் முழுவதும் ஆறு, ஆறரை மணிக்குள் சூரியன் இறங்கிவிடும். மேல்நாடுகளில் போல நீண்ட அந்தி நமக்குக் கிடையாது. அரை மணித்தியாலத்துக்குள் காலிமுகத்திடலில் பட்டம் விடுகிற பிள்ளையின் முகம் தெரியாமல் போய்விடும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் மண்டபங்களில் மேடைக்கு மேலே மஞ்சள் விளக்கு, ஒரு பக்கம் வீடியோக்காரரின் லைட், மற்றப் பக்கம் இருட்டு. கொட்டாஞ்சேனையில் ஒரு கோயிலில் அனுமதி வாங்கிப் படம் எடுக்க நின்றால், வசந்த மண்டபத்தில் தீபாராதனை வெளிச்சம்தான் உங்களுக்கு எல்லாமே. மே மாதம் மழை தொடங்கிவிட்டால், புறக்கோட்டைச் சந்துகளில் கடைகளுக்கு முன்னால் தகரமும் படங்குமாக மூடியிருக்கும் இடத்தில் பின்னேரம் மூன்று மணிக்கே விளக்குப் போடுவார்கள்.

இந்த இடங்களில் கிட் லென்ஸ் என்ன செய்கிறது? மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் (ஒலிம்பஸும் பனசொனிக்கும் கொண்டுவந்த சிறிய சென்சர் வகை) கமராவோடு வழமையாக வரும் 14-42 மி.மீ. சூம் லென்ஸை 42க்கு இழுத்தால், அது திறக்கக்கூடிய அதிகபட்ச அளவு எஃப் 5.6. எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலத் திறக்கும். அதே இடத்தில் ஒலிம்பஸ் 45 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் போடுங்கள். வெளிச்சம் கிட்டத்தட்டப் பத்து மடங்கு கூட உள்ளே வரும். ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சம் போதாதபோது கமரா படத்தைக் கூட்டிக் காட்டும் அளவு, 6400இல் எடுக்க வேண்டியிருந்த படத்தை 640 அளவில் எடுக்கலாம். எண்ணாகப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. கூறைச் சேலையில் பாருங்கள். 6400இல் சரிகையின் இழைகள் ஒன்றோடொன்று கலங்கி மஞ்சள் பூசினாற்போல் கிடக்கும். மணப்பெண்ணின் கன்னம் மெழுகு மாதிரி ஆகிவிடும். 640இல் சரிகையின் ஒவ்வொரு நூலும் தனித்தனியாக நிற்கும், நெற்றிச்சுட்டிக்குக் கீழே வியர்வைத் துளிகூடத் தெரியும்.

எந்தப் புதிய பொடியும் பழையதைவிட இந்தளவு தூரம் உங்களைக் கொண்டுபோகாது. 16 மெகாபிக்சல் கமராவிலிருந்து 20க்கு மாறினால் படத்தின் அகலம் 4608 பிக்சலிலிருந்து 5184 ஆகிறது. எட்டில் ஒரு பங்குதான் கூடுகிறது. சோனியின் ஏ6000 வந்தது 2014இல், 24 மெகாபிக்சல். ஒன்பது வருடம் கழித்து 2023இல் வந்த ஏ6700, 26 மெகாபிக்சல். புதியதில் கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ், உள்ளேயே அதிர்வுத் தடுப்பு என்று நல்ல விஷயங்கள் நிறைய உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மங்கலான கிட் லென்ஸை முன்னால் மாட்டிக்கொண்டு நின்றால், அந்த விலைக்கு வாங்கியதில் பெரும்பகுதி வெளியே வராது.

அதிர்வுத் தடுப்பு பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். கடைகளில் அதைச் சொல்லித்தான் விலை கூடிய பொடியை விற்கிறார்கள். "கையில் பிடித்து அரை செக்கனுக்கும் எடுக்கலாம்" என்பார்கள். எடுக்கலாம்தான், தூணை. தாலி கட்டும் நேரம் தூண் மாதிரி யார் நிற்கிறார்கள்? மாப்பிள்ளையின் கை நடுங்குகிறது, தோழி பின்னால் கூந்தலைத் தூக்கிப் பிடிக்கிறாள், நாலு பக்கத்திலிருந்தும் அட்சதை பறக்கிறது. அதிர்வுத் தடுப்பு உங்கள் கை ஆடுவதைத்தான் சரிசெய்யும், அவர்கள் அசைவதை அது நிறுத்தாது. அதற்கு ஷட்டர் 1/125, 1/160 செக்கன் என்று வேகமாக ஓட வேண்டும். அந்த வேகத்துக்கு வேண்டிய வெளிச்சத்தை லென்ஸ்தான் கொண்டுவந்து தர வேண்டும்.

சிறிய சென்சருக்கு (கமராவுக்குள் படம் விழும் சில்லு) இது இன்னும் முக்கியம். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சர் 17.3க்கு 13 மி.மீ.; முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) சென்சரின் பரப்பில் கால்வாசியைவிடக் கொஞ்சம்தான் கூட. பின்னணி கரைவதைப் பொறுத்தவரை, இதில் எஃப் 5.6 என்பது பெரிய சென்சரில் எஃப் 11 வைத்த மாதிரி. பின்னால் இருக்கிற பிளாஸ்டிக் கதிரை, ஃபேன், வாசலில் எழுதியிருக்கும் பெயர்ப்பலகை எல்லாம் பளிச்சென்று தெரியும். "சின்னக் கமராவில் பின்னணி கரைந்து முகம் மட்டும் எடுபடாது" என்று சொல்பவர்களில் நிறையப் பேர் கிட் லென்ஸை வைத்துக்கொண்டுதான் அப்படிச் சொல்கிறார்கள்.

இந்தச் சிறிய கமராக்களின் அழகே லென்ஸும் சின்னதாக இருப்பதுதான். அந்த ஒலிம்பஸ் 45, 116 கிராம். பனசொனிக் 20 மி.மீ. எஃப் 1.7, 100 கிராம். காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு 155ஆம் இலக்க பஸ்ஸில் ஏறலாம். சோனிக்காரருக்குச் சிக்மா 30 மி.மீ. எஃப் 1.4 இருக்கிறது. ஒரே லென்ஸில் எல்லாம் வேண்டும் என்பவருக்குச் சிக்மாவின் 18-50 எஃப் 2.8, அதுவும் 300 கிராமுக்குள். ஃபுஜிக்கு 35 எஃப் 1.4, அது கட்டுப்படியாகாவிட்டால் 2015இல் வந்த 35 எஃப் 2. என்னைக் கேட்டால் முதலாவதாக வாங்க வேண்டியது முகம் எடுக்கும் லென்ஸ். நம் சனம் கடைசியில் அல்பத்தில் தேடுவது முகங்களைத்தான்.

காசுக் கணக்கும் பார்ப்போம். ஒலிம்பஸ் 45 வந்தது 2011இல். அதே வருடம் வந்த ஒலிம்பஸ் பொடி 12 மெகாபிக்சல், இன்று அதை யாரும் தேடி வாங்குவதில்லை. அந்த நிறுவனத்தின் கமராப் பிரிவே 2021 தொடக்கத்தில் வேறு கைக்குப் போய்விட்டது. லென்ஸோ இன்று வருகிற புதுப் பொடியிலும் அப்படியே பொருந்தி வேலை செய்கிறது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து இரண்டு மூன்று மாதத்தில் 350ஐத் தாண்டியதை நாமெல்லாம் பார்த்தோம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பொடி மாற்றுகிற பழக்கம் இந்த நாட்டுச் சம்பளத்துக்குச் சரிவராது.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். மவுன்டே, அதாவது லென்ஸ் பொடியில் பூட்டும் வாய் வகையே, செத்துப்போனால் லென்ஸும் அதோடு போகும். நிக்கோன் 1 வரிசை 2018இல் நின்றது. கெனனின் ஈஎஃப்-எம் வரிசையும் முடிந்துவிட்டது. அந்த லென்ஸ்களைக் கெனனின் புதிய ஆர்எஃப் கமராவில் மாட்டவும் வழியில்லை. ஆகவே பொடியைப் பார்ப்பதற்கு முன்னால், அந்த மவுன்டுக்கு யார் யார் லென்ஸ் செய்கிறார்கள், இரண்டாம் கையாகக் கொழும்பில் எது கிடைக்கிறது என்று பாருங்கள்.

அப்புறம், எல்லோருக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. தலங்கம குளத்தில் மீன்கொத்தி பாய்வதை எடுக்கிறவருக்கும், கிரிக்கெட் எடுக்கிறவருக்கும் ஃபோகஸ் பின்தொடரும் பொடி வேண்டும், அதற்குக் காசு போகத்தான் செய்யும். வீடியோவே தொழில் என்றாலும் அப்படித்தான். பகலில் வெளியே மட்டும் எடுக்கிறவருக்கு, எஃப் 8இல் கிட் லென்ஸும் வடிவாகவே வேலை செய்யும்.

இரண்டாம் கை லென்ஸ் வாங்கினால் முதலில் பார்க்க வேண்டியது பூஞ்சணம். கடற்கரை ஊர், ஈரக் காற்று. அலுமாரியில் தோல் பைக்குள் இரண்டு மழைக்காலம் கிடந்த லென்ஸில் அது வராமல் இருந்தால்தான் அதிசயம். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து போன் டோர்ச்சை அடித்து, முன்பக்கத்தால் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். தூசு புள்ளியாகத் தெரியும், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பூஞ்சணம் கண்ணாடியின் ஓரத்திலிருந்து மெல்லிய நூலாகக் கிளைவிட்டு உள்ளே படர்ந்திருக்கும். "துடைத்தால் போய்விடும்" என்பார்கள். அது உள்ளே இருக்கிறது, கழற்றித்தான் துடைக்க வேண்டும், கண்ணாடியின் பூச்சை அரித்திருந்தால் துடைத்தும் பயனில்லை. இந்த லென்ஸ்களில் பெரும்பாலானவற்றுக்குக் கமராவிலிருந்து மின்சாரம் போனால்தான் ஃபோகஸும், வெளிச்சம் உள்ளே வரும் துவாரமும் அசையும். ஆகவே பொடியையும் கொண்டுபோங்கள், மாட்டி, முழுக்கத் திறந்து ஒரு படம், எஃப் 8இல் ஒரு படம் எடுத்து, அங்கேயே பெரிதாக்கி நாலு மூலையையும் பாருங்கள்.

வாங்கி வந்த பிறகு தோல் பையைத் தூக்கி வைத்துவிடுங்கள். காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டி ஒன்று, நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல் ஒரு பொட்டலம் போதும். ஜெல் நிறம் மாறியதும் உலர்த்திவிட்டுத் திரும்பப் போடுங்கள். மழை மாதங்களில் அது சீக்கிரம் நிறம் மாறும், அடிக்கடி திறந்து பாருங்கள்.