கண்ணாடிக்குப் பின்னால் மாத்திரை, கொடுக்கத்தான் ஆளில்லை

அம்மாவின் ரத்தக் கொதிப்பு மாத்திரைக்காக அலைவது இன்றோடு மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் அதே பார்மசி, அதே கவுண்டர், அதே பதில். "ஃபார்மசிஸ் தாக் அடா, அண்ணே. எசோக் டாத்தாங்." மருந்தாளர் இல்லையாம், நாளைக்கு வரணுமாம்.

நாளைக்கு வர நான் என்ன பக்கத்துத் தெருவிலா இருக்கிறேன்? தோட்டத்திலிருந்து மோட்டாரில் முக்கால் மணி நேரம். பாதி தூரம் செம்பனைக்கு நடுவே மண் சாலை. பின்னால் 72 வயது அம்மா, என் சட்டையைப் பிடித்தபடி. எனக்கு ஓய்வு ஞாயிறு ஒரு நாள்தான்.

இந்த நாட்டில் கிளினிக் டாக்டரே மருந்தையும் விற்கலாம். "சீட்டு மட்டும் எழுதிக் கொடுங்க, டாக்டர்" என்று கேட்டதற்கே அவர் முகம் சுருங்கியது. பார்மசியில் விலை குறையும் என்றுதான் அதையும் பொறுத்துக்கொண்டு வாங்கி வந்தேன்.

சட்டம் எனக்கும் தெரியும். ரத்தக் கொதிப்பு மாத்திரையைச் சீட்டைப் பார்த்து மருந்தாளர்தான் தர வேண்டும். 1952-லேயே போட்ட சட்டம் அது. கவுண்டர் பெண்ணை எடுத்துக் கொடுக்கச் சொல்லி நான் சண்டை போடவில்லை. ஆனால், அந்த மனுஷர் எந்த நாள், எத்தனை மணிக்கு இருப்பார் என்று ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினால் என்ன குறைந்துவிடும்? 'கொலாஜன் இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்று ஒட்ட மட்டும் ஆள் உயரத்துக்கு இடம் இருக்கிறது. போன் அடித்துக் கேட்டுவிட்டு வரலாம் என்றால் எடுப்பதில்லை.

2025 மே 1-லிருந்து மருந்து விலையைக் காட்டியே ஆக வேண்டும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. நல்லதுதான். இப்போது விலை தெரிகிறது, கண்ணாடிக்குப் பின்னால் மாத்திரைப் பெட்டியும் தெரிகிறது. பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்!

இன்னும் கேளுங்கள். அந்தப் பெண்ணே அம்மாவை உட்காரவைத்து இலவசமாக பிரஷர் பார்த்தாள். 168-க்கு 98. "திங்கி, ஆண்டி", அதிகமாம், என்று உச்சுக்கொட்டிவிட்டு நீட்டியது என்ன தெரியுமா? பூண்டு மாத்திரை. 60 வெள்ளி (ரிங்கிட்).

தாத்தா காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரு டிரஸ்ஸர், அதாவது மருத்துவ உதவியாளர், இருப்பாராம். காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே சிவப்புத் தண்ணி. அதைக் கொடுக்கவாவது ஆள் இருந்தார்.

சும்மா பிரஷர் பார்த்துக்கொண்டோமே என்ற கூச்சத்தில் அம்மா ஒரு கோடாலித் தைலம் வாங்கினார். "காட் அஹ்லி அடா, ஆண்டி?" என்று உறுப்பினர் அட்டை வேறு கேட்டார்கள். நாளைக்கு அரை நாள் லீவு சொல்லியிருக்கிறேன், சம்பளம் போனால் போகட்டும். மருந்தாளர் காலையில் வருவாரா, மத்தியானம் வருவாரா? அது அந்தப் பெண்ணுக்கே தெரியவில்லை.