துருவில் கோலா ஊற்றி பட்டி பூசினால் தீர்ந்ததா?

"பழைய அம்பாசடர், பத்மினி கார்களில் துருப்பிடித்த இடத்தில் கோலா ஊற்றி ஓர் இரவு விட்டு, பட்டி (பள்ளத்தை நிரப்பிச் சமப்படுத்தும் பசை) பூசி பெயின்ட் அடித்தால் ஆயுசுக்கும் துரு வராது" என்று புதுச்சேரி, கடலூர் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

கோலாவில் பாஸ்பாரிக் அமிலம் இருப்பது உண்மை. ஆனால் மிகக் குறைவு. லேசான துரு இளகும், அவ்வளவே. மிஞ்சும் சர்க்கரைப் பிசுக்கின்மேல் பெயின்ட் பிடிக்காது. துருவை மேற்கொண்டு பரவாத படலமாக மாற்ற, கடையில் விற்கும் ரஸ்ட் கன்வெர்ட்டர் திரவம் வேறு சங்கதி; அதுவும் மேல்துருவுக்குத்தான். அரித்துப்போன தகட்டை எந்தத் திரவமும் திருப்பித் தராது.

உண்மையில் கெடுப்பது பட்டி. ஓட்டையைப் பட்டியால் அடைத்தால் பின்பக்கம் திறந்தே கிடக்கும்; பட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நம் கடற்காற்றின் உப்பு துருப்பிடிப்பதை இன்னும் வேகப்படுத்தும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் பெயின்ட் கொப்புளமாக எழும்பும். பழைய கார் விற்பவருக்கு வேண்டுமானால் இந்த வைத்தியம் வசதி.

ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால், நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டியெடுத்து, அதே கனத் தகட்டை வைத்துப் பற்றவைக்க வேண்டும். பாட்டரியைக் கழற்றிவிடுங்கள், பெட்ரோல் டேங்க் பக்கம் நெருப்பே கூடாது. ஒரே இழுப்பில் பற்றவைத்தால் தகடு நெளியும்; புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி வையுங்கள். பிறகு எபாக்ஸி பிரைமர் (ஈரத்தைத் தடுக்கும் அடிப்பூச்சு), மேலே மெல்லிய பட்டி, பெயின்ட்.

இரண்டு கார்களுக்கும் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடிதான் எடை தாங்குகிறது. அதனால் கதவுக்குக் கீழே ஓடும் 'சில்' (sill) என்ற பகுதி அரித்திருந்தால் டிங்கரிங் பட்டறைக்கே விடுங்கள். கதவடியில் இருக்கும் தண்ணீர் வடியும் ஓட்டைகளையும் பட்டியால் அடைத்துவிடாதீர்கள்.