ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் காசு தருவார்களாம்

மாசம் பிறந்தால் கரண்ட் பில்லுக்கு முன்னாடி, பிள்ளைகளின் டியூஷனுக்கு முன்னாடி, பேங்கிலிருந்து தானாகக் கழிந்துபோகிற காசு ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. மெடிக்கல் கார்டு பிரீமியம், அதாவது தனியார் ஆஸ்பத்திரிச் செலவுக்கான இன்சூரன்ஸ். வீட்டுக்காரருக்கும் எனக்கும் சேர்த்து மாதம் 600 வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் 600 வெள்ளிக்கு என்ன மதிப்பு என்று இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, இங்கே ஒரு வீட்டையே வாடகைக்கு எடுத்துவிடலாம். இவ்வளவு கட்டியும், முதுகுவலிக்கு மசாஜ் செய்து உருவிவிட்ட 80 வெள்ளியில் ஒரு சென்கூடத் தர அந்தக் கார்டுக்கு மனசு வரவில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். தோட்டத்து மண்ரோடு எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும், மழை பெய்தால் பள்ளம் எது ரோடு எது என்றே தெரியாது. அப்புறம் மில் வாசலில் வரிசை, மணிக்கணக்கில் அதே சீட்டில் உட்கார வேண்டும். குலையைத் தூக்க லோரியில் இயந்திரக் கை இருக்கிறதுதான், ஆனால் உருண்டு விழுந்ததைக் குனிந்து எடுத்துப் போடுவது மனுஷன்தான், ஒரு குலை இருபது கிலோ சாதாரணமாக இருக்கும். வருஷக்கணக்கில் இப்படி ஓட்டியதில் இடுப்பு போய்விட்டது. காலையில் அவர் எழுந்திருப்பதை நீங்கள் பார்க்க வேண்டும். நேராக எழ முடியாது. பக்கவாட்டில் உருண்டு, முழங்கையை ஊன்றி, ஒரு காலை மட்டும் தரையில் இறக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். காலுறையை நான்தான் போட்டுவிட வேண்டும். வயது ஐம்பதுகூட ஆகவில்லை.

கிளினிக்கில் வலி மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிட்டார், வலி குறைந்தது, வயிறு எரிந்தது, அதற்கு இன்னொரு மாத்திரை. கடைசியில் சுங்கைப் பட்டாணி டவுனில் உருவிவிடுகிற ஒருவரிடம் போனோம். முறையாகப் பதிவு பெற்றவர், சான்றிதழைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். முதலில் ஸ்கேன் எடுத்தீர்களா, கால் மரத்துப்போகிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் கையை வைத்தார். சும்மா எண்ணெயைத் தடவி அனுப்பும் ஆள் இல்லை. இடுப்பு எலும்புக்கு மேலே ஓர் இடத்தில் கட்டை விரலை அழுத்தியபோது பெரிய மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் தொடர்ந்து போக, குனிந்து தானே காலுறை போட ஆரம்பித்தார். எனக்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

முத்திரை குத்திய ரசீது, பதிவு எண், கிளினிக் டாக்டர் கொடுத்த கடிதம், எல்லாவற்றையும் வைத்து ஏஜெண்டுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். இந்த ஏஜெண்ட் யார் என்றால், எங்கள் குடியிருப்புத் தாமானிலேயே வளர்ந்த பையன். கையெழுத்து வாங்க வந்தபோது சாப்பாட்டு மேசையில் ஃபைலை விரித்து, "அக்கா, இனிமே ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றி நீங்க கவலையே படக்கூடாது, அண்ணனுக்கு ஏதாவது ஒண்ணுன்னா எனக்கு ஒரு போன் போடுங்க, போதும்" என்று நான் போட்ட கோப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னவன். குடையும் கேலண்டரும் கொடுத்துவிட்டுப் போனான். இப்போது போன் போட்டால் எடுக்கவில்லை. சாயங்காலம் வாய்ஸ் மெசேஜ் வருகிறது: "அக்கா, மசாஜ் எல்லாம் கிளேம் பண்ண முடியாதுக்கா, அது ரிலாக்ஸ் பண்றதுக்கு லா."

ரிலாக்ஸாம்! பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவரை அவன் வந்து பார்த்திருக்க வேண்டும்.

உடனே சிலர் வருவார்கள், பொலிசியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டாயா என்று. படித்தேன் ஐயா. ‘வெளிநோயாளி பிசியோதெரப்பி’ என்று பலன்கள் பட்டியலில் பெரிய எழுத்தில் இருந்தது, ஆனால் அது ஆஸ்பத்திரியில் படுத்து டிஸ்சார்ஜ் ஆனவருக்கு, அதுவும் 90 நாளைக்குள். விலக்குப் பட்டியலையும் படித்தேன். கைரோபிராக்டிக், அக்குபஞ்சர், ரிஃப்ளெக்ஸாலஜி, எலும்பு சரிசெய்வது, மூலிகை வைத்தியம், மசாஜ், வாசனை எண்ணெய் சிகிச்சை என்று எல்லாவற்றையும் ஒரே வரியில் கோர்த்துத் தள்ளி வைத்திருக்கிறார்கள். கம்பெனிக்குக் கம்பெனி வார்த்தை கொஞ்சம் மாறும், அவ்வளவுதான், இந்த நாட்டு மெடிக்கல் கார்டுகளில் இந்த வரி சர்வசாதாரணம். என் கேள்வி, இடுப்பு நரம்பைப் பார்த்து அழுத்துகிறவனையும் அறையில் மணக்க மணக்க மெழுகுவர்த்தி ஏற்றி வைக்கிறவனையும் ஒரே வரியில் எந்தப் புத்திசாலி உட்கார வைத்தான் என்பதுதான்.

இதோடு போயிருந்தால்கூட வாயை மூடிக்கொண்டிருப்பேன். நடுவில் ஒரு நாள் வலி மிஞ்சிப்போய், பெரிய டவுனில் உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முன் கவுண்டரிலேயே முதல் கேள்வி, மெடிக்கல் கார்டு இருக்கிறதா? இருக்கிறது என்றதும் முகமே மாறிவிட்டது. டாக்டர் சொல்கிறார், வெளியே இருந்து எம்ஆர்ஐ எடுத்தால் நீங்கள் கைக்காசு போட வேண்டும், அட்மிட் ஆகிவிட்டால் கார்டு பார்த்துக்கொள்ளும். வெறும் ஸ்கேனுக்காகப் படுத்தால் இன்சூரன்ஸ் ஒத்துக்கொள்ளாது, அதனால் டிரிப் ஏறுகிறது, ஊசி போடுகிறார்கள், வார்டுக்கே வந்து பிசியோ செய்கிறார்கள். பில்லை நாங்கள் கட்டுகிறோம் என்று இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும் கேரண்டி லெட்டர் சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது, மறுபேச்சே கிடையாது. கடைசியில் பில்லைப் பார்த்தேன், ஆறாயிரம் வெள்ளிக்கு மேல். அதில் ஐஸ் பேக் முதற்கொண்டு தனித்தனி வரி.

பிசியோ செய்த பெண் நல்ல பெண், அவளைக் குறை சொல்லவில்லை. வெந்நீர்ப் பை வைத்து, இடுப்பில் அந்த சுங்கைப் பட்டாணிக்காரர் அழுத்திய அதே இடத்தைத்தான் அவளும் அழுத்தினாள். கட்டிலில் படுத்திருக்கும்போது அழுத்தினால் அது சிகிச்சை, அதே மனுஷன் சொந்தக் காலில் நடந்து வந்து அழுத்தச் சொன்னால் அது ரிலாக்ஸ். ஆறாயிரத்தைக் கேள்வி கேட்காமல் கட்டுகிறவர்கள் 80 வெள்ளிக்குக் கணக்குப் பார்க்கிறார்கள். அந்த ஆறாயிரத்தில் எத்தனை முறை உருவிவிட்டிருக்கலாம்! ஆனையைக் கட்டித் தீனி போடுவார்களாம், பூனைக்குப் பால் ஊற்ற யோசிப்பார்களாம்.

அப்புறம் பிரீமியம் ஏறும்போது மட்டும் கடிதத்தில் என்ன எழுதுகிறார்கள்? மருத்துவப் பணவீக்கம், கிளேம் அதிகமாகிவிட்டது. யார் அதிகமாக்கியது? வலி என்று வந்தவனை வார்டில் படுக்க வைத்தால்தான் காசு என்று விதி போட்டது யார்? 2024 கடைசியில் ஊரே கத்தியது ஞாபகம் இருக்கும், நாற்பது, ஐம்பது சதவீதம் ஏறியது என்று ஆளாளுக்குக் கடிதத்தைக் காட்டினார்கள். அந்த டிசம்பரில் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா உள்ளே புகுந்து, ஏற்றத்தைக் குறைந்தது மூன்று வருஷத்துக்குப் பிரித்துப் போடு, பொலிசி வைத்திருப்பவர்களில் எண்பது சதவீதம் பேருக்காவது வருஷத்துக்குப் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று 2026 கடைசி வரைக்கும் கட்டுப்பாடு போட்டது. நல்லதுதான், ஆனால் அது ஏறுகிற வேகத்தைத்தான் குறைத்தது. கார்டு எதற்குக் காசு தரும் என்ற விதி அப்படியேதான் இருக்கிறது.

கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்பீர்கள். போனோம். கட்டணம் ஒன்றுமில்லை, சில்லறைக் காசு. ஆனால் பிசியோவுக்குத் தேதி எப்போதோ கிடைக்கிறது, அதுவும் வேலை நாளில் ஆபீஸ் நேரத்தில். அவருக்கு லோரி ஓடும் நடைக் கணக்கில் சம்பளம். லோரி ஓடாத நாளில் முதலாளி தவுக்கேயா காசு தருவான், அவன் அப்பனா தருவான்?

இன்னொன்று கேளுங்கள், இதுதான் எனக்குத் தாங்கவே முடியாதது. இதே சுகாதார அமைச்சு 2007லேயே பினாங்கு மாநிலத்துக் கெப்பாலா பத்தாஸ் ஆஸ்பத்திரியில் பாரம்பரிய மருத்துவப் பிரிவைத் திறந்துவிட்டது. எங்கள் ஊரிலிருந்து லோரி ஓட்டுகிறவனுக்கு அது ஒரு தூரமே இல்லை. நாள்பட்ட வலிக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் அங்கே டாக்டர் கடிதத்தோடு போனால் உருவிவிடுகிறார்கள், கவர்மெண்ட் கூரைக்குக் கீழே. 2016ல் இரண்டு சட்டம் அடுத்தடுத்த எண்ணில் வந்தது, 774ம் 775ம். பிசியோதெரப்பிக்காரர்கள் 774க்குக் கீழே வருகிறார்கள், பாரம்பரிய, மாற்று மருத்துவக்காரர்கள் 775க்குக் கீழே. மலாய், சீன, இந்திய முறைகள் எல்லாம் அதில் அங்கீகாரம் பெற்றவை. பதிவு வேண்டும், எண் வேண்டும், தப்பு செய்தால் நடவடிக்கை உண்டு. நாடாளுமன்றம் ஒத்துக்கொண்டதை ஒரு பொலிசிப் புத்தகம் ஒத்துக்கொள்ளாது!

அவர்கள் பக்கத்தையும் யோசித்துப் பார்த்தேன், யோசிக்காமல் கத்துகிறவள் இல்லை நான். மசாஜ் என்று சொன்னாலே டவுனில் கறுப்புக் கண்ணாடி ஒட்டி மாடியில் நடக்கும் கடைகள்தான் ஞாபகம் வருகிறது, அங்கேயும் ரசீது அடித்துத் தருவார்கள், அதையெல்லாம் கிளேம் பண்ண ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். உண்மைதான். நம் பழைய தோட்டத்தில் சுளுக்கு எடுக்கிற தாத்தா இருக்கிறார், அவர் கைராசி ஊருக்கே தெரியும், ஆனால் அவரிடம் ரசீது கேட்டால் சிரிப்பார். அவருக்குக் காசு கொடு என்று இன்சூரன்ஸ்காரனிடம் நான் கேட்கவில்லை. பதிவு எண் இருப்பவருக்கு, டாக்டர் கடிதத்தோடு, வருஷத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு வைத்துக் கொடு என்கிறேன். வானத்தை வில்லாய் வளைக்கச் சொல்லவில்லை.

நாத்தனார் மகள் கனடாவில் டொரொண்டோவில் இருக்கிறாள். அங்கே கவர்மெண்ட் இன்சூரன்ஸ் மசாஜுக்குத் தராது, ஆனால் வேலை செய்கிற இடத்தில் எடுத்துக் கொடுக்கும் தனியார் திட்டங்கள் பலவற்றில் அது உண்டு. அவளுடையதிலும் உண்டு. வருஷத்துக்கு ஒரு தொகை, அதற்குள் பாதியோ முக்காலோ அவர்கள் தருவார்கள், மீதியை இவள் போட வேண்டும். டொரொண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாநிலத்தில் மசாஜ் தெரப்பி செய்ய அந்தத் தொழிலுக்கான மன்றத்தில் பதிவு வேண்டும், அந்தப் பதிவு எண் ரசீதில் இருந்தால் போதும், போனில் படம் எடுத்து அனுப்பினால் சில நாளில் பேங்கில் காசு விழுகிறது. அவளோ ஏசி ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கழுத்து பிடித்துக்கொண்டதற்குப் போகிறாள். பாவம், அதுவும் வலிதான். ஆனாலும் குலை தூக்குகிறவனுக்குக் கிடையாது என்றால் எனக்குக் கோபம் வருமா வராதா?

புகார் கொடு என்று தம்பி சொன்னான். 2025 ஜனவரியிலிருந்து நிதிச் சந்தை ஒம்பட்ஸ்மன் சேவை என்று புதுப் பெயரில் ஓர் அமைப்பு இருக்கிறது, இன்சூரன்ஸ் தகராறுகளை அங்கே கொண்டுபோகலாம். ஆனால் நியாயமாகத் தர வேண்டியதைத் தராவிட்டால் அவர்கள் கேட்பார்கள், தர மாட்டோம் என்று முன்கூட்டியே அச்சடித்துக் கையெழுத்தும் வாங்கிய பிறகு அவர்கள் என்ன செய்வார்கள்? கார்டை நிறுத்திவிடலாம் என்றால் அதற்கும் பயம். இந்த வயதில் வெளியே வந்துவிட்டு நாளைக்கு வேறு கம்பெனிக்குப் போனால் இடுப்பு ஏற்கெனவே உள்ள நோய் என்று அதையும் விலக்கிவிடுவார்கள். வசமாக மாட்டிக்கொண்டோம்.

நேற்று அந்த ஏஜெண்ட் பையன் தானாகவே மெசேஜ் போட்டிருக்கிறான். "அக்கா, கார்டோட சேர்த்துக்கிற மாதிரி புதுசா ஒரு ரைடர் வந்திருக்கு, மாசம் 70 வெள்ளி கூடக் கட்டினா அவுட்பேஷண்ட் கவர் ஆகும்." மசாஜ் இருக்கிறதா தம்பி என்று ஒரே ஒரு வரி கேட்டேன். நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.