சத்தத்துக்கு ஒரு சிடி, மெல்லிசைக்கு ஒரு சிடி

அமெரிக்க ராக் குழு ஃபூ ஃபைட்டர்ஸின் இரட்டை சிடி ஆல்பம் 'இன் யுவர் ஆனர்' பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும்: 20 பாட்டு ஜாஸ்தி, நல்லதாகப் பொறுக்கி ஒரே சிடியாகப் போட்டிருக்கலாம். எனக்கு இதில் உடன்பாடில்லை. பாட்டு அதிகமானதால் ஒன்றும் கெடவில்லை. சத்தமான ராக் ஒரு சிடி, மெல்லிய அக்கூஸ்டிக் இசை ஒரு சிடி என்று பிரித்து வைத்ததுதான் கெடுத்தது.

2005இல் வந்த ஆல்பம். லாஸ் ஏஞ்சல்ஸ் நார்த்ரிட்ஜில் புதிதாகச் சொந்த ஸ்டூடியோ கட்டி அங்கேயே பதிவு செய்தார்கள். முதல் சிடியில் பத்தும் ராக். 'பெஸ்ட் ஆஃப் யூ'வைத் தனியாகக் கேட்டால் இன்றைக்கும் சிலிர்க்கும். முன்னிசை எதுவும் இல்லாமல் குழுவின் பாடகர் டேவ் க்ரோலின் குரல் நேராக வந்து இறங்கும். ஆனால் அதற்கு முன்னும் கத்தல், பின்னும் கத்தல். எட்டாவதாக வரும் 'ரிசால்வ்' அருமையான மெட்டு. பாவம், அது வருவதற்குள் நம் காது மரத்துப் போயிருக்கும்.

துணிச்சல் எல்லாம் இரண்டாவது சிடியில்தான். 'வர்ஜீனியா மூன்' கிட்டத்தட்ட பிரேசிலின் மெல்லிய போஸா நோவா இசை, கூடப் பாடுவது ஜாஸ் பாடகி நோரா ஜோன்ஸ். பழம்பெரும் ராக் குழு லெட் செப்பலினின் ஜான் பால் ஜோன்ஸ் வந்து மாண்டலின் வாசிக்கிறார். 'கோல்ட் டே இன் தி சன்'னில் ட்ரம்மர் டெய்லர் ஹாக்கின்ஸ் பாட, டேவ் ட்ரம்ஸுக்குப் போய்விடுகிறார். (2022இல் டெய்லர் இறந்த பிறகு அந்தப் பாட்டைச் சாதாரணமாகக் கேட்க முடிவதில்லை.)

அப்புறம் 'ஃப்ரெண்ட் ஆஃப் எ ஃப்ரெண்ட்'. 1990இல் நிர்வாணா என்ற ராக் குழுவில் ட்ரம்மராகப் புதிதாகச் சேர்ந்து, அதன் பாடகர் கர்ட் கோபேனின் வீட்டில் தங்கியிருந்த நாட்களில் டேவ் எழுதியது. ஒரு கிடார், ஒரு குரல், அவ்வளவுதான். டெலிபோன் பக்கத்தில் கிடந்த நாணயத்தை எடுத்து, அதைக்கொண்டே நண்பனுடைய பழைய கிடாரை ஒருவன் மீட்டுகிறான். கிடார் தந்தியை மீட்டும் சின்ன வில்லை, அதாவது பிக், வாங்கக்கூடக் காசில்லாத வீடு என்று தோன்றும். ஆனால் வரி அதைச் சொல்லாது, நாணயத்தை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடும். ஒரே சிடியாகச் சுருக்கியிருந்தால் முதலில் வெட்டுப்பட்டிருப்பது இந்த மாதிரிப் பாட்டுதான்.

இப்போதுதான் வரிசையை நாமே மாற்றிக்கொள்ளலாமே! 'பெஸ்ட் ஆஃப் யூ' முடிந்ததும் 'ஃப்ரெண்ட் ஆஃப் எ ஃப்ரெண்ட்', அடுத்து 'ரிசால்வ்'. இப்படிப் போட்டுக் கேட்டுவிட்டு வந்து சண்டை போடுங்கள், பேசலாம்.