"கருப்பும் அழகுதான்" என்று ஆரம்பிக்காதீங்க

நிறப் பாகுபாடு பற்றிப் பேச மகளிர் குழுவுக்கோ கல்லூரிக்கோ போகிறவர்களில் பாதிப் பேர் "காந்தலே ருசி, கருப்பே அழகு" என்று தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறார்கள். கைதட்டல் கிடைக்கும், வீட்டில் ஒன்றும் மாறாது. என்னைக் கேட்டால் அழகை விட்டுவிட்டுப் பவுனில் இருந்து தொடங்கணும். "பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மி" என்று தரகர் இழுத்தால் அதுக்கு நம்ம பக்கம் கணக்கு உண்டு. எத்தனை பவுன் கூடுச்சு, அதுக்கு யார் கடன் வாங்குனா? இந்தக் கேள்விக்கு ஒதுங்கி உட்கார்ந்திருப்பவர்கூட வாய் திறப்பார்.

ஒரு வட்டத்தில் 12 முதல் 15 பேர் போதும், ஒன்றரை மணி நேரம். நடத்த ரெண்டு பேர் வேணும். யாராவது அழுதால் ஒருத்தர் அவரோடு தனியாகப் போய் உட்காரணும், மற்றவர் பேச்சை நிறுத்தாமல் கொண்டுபோகணும். ஒருத்தர் மட்டும் இருந்தால் எல்லார் கண்ணும் அழுகிறவர் மேலேயே விழும். அவர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்.

திருநெல்வேலி வட்டாரத்தில் முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றுகிறவர்களிடம் தட்டைக் கீழே வைக்கச் சொல்லாதீங்க. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. கை நின்றால் காசு நின்றது. தவிர, கண் இலையில் இருக்கும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமலே பேசலாம். இந்த மாதிரிப் பேச்சுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

முதல் சுற்றில், வீட்டில் நிறத்தை வைத்துக் கேட்ட சொல்லைப் பேர் போடாமல் துண்டுச்சீட்டில் எழுதி வாங்குங்க. எழுதத் தெரியாதவர் காதோடு சொன்னால் நீங்களே எழுதுங்க. கலைத்துப்போட்டு வாசித்தால் கருவாச்சி, அட்டக்கருப்பு, காக்கா என்று வரிசையாக வரும். சிரிப்பு கிளம்பும். அதட்டாதீங்க, அடங்கட்டும். பிறகு "முதல்ல சொன்னது யாரு, முறை மட்டும் சொல்லுங்க" என்று கேளுங்க. ஆச்சி, அத்தை, அண்ணன், பெத்த அம்மாவே என்று வரும்போது சிரிப்பு தானாக நிற்கும். நிறவாரியாக வரிசையில் நிற்க வைக்கிற பயிற்சி சில கையேடுகளில் உண்டு, தயவுசெய்து வேண்டாம். அங்கே உட்கார்ந்திருக்கும் யாருடைய நிறத்தையும், புகழ்ந்துகூட, பேசக்கூடாது என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடணும்.

நம்ம ஜில்லாவில் பெரிய சிக்கல் வேறு. "அவுஹ ஆளுவ அப்படித்தான் இருப்பாவ" என்று ஒரு குரல் வரும். அது சாதிப் பேச்சு. நிறம் என்று சொல்லி நழுவவிட்டால் அந்தச் சாதிக்காரர்களும் அதே வட்டத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள், அதோடு வாயை மூடிக்கொள்வார்கள். எல்லாச் சாதியிலும் எல்லா நிறமும் இருக்கு என்று அந்த இடத்திலேயே சொல்லுங்க.

குங்குமப்பூ கேள்வி கட்டாயம் வரும். கர்ப்பத்தில் அதைக் குடித்தால் பிள்ளை நிறம் மாறாது. நிறம் தரும் செல்களின் எண்ணிக்கை எல்லார் தோலிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை உண்டாக்கும் மெலனின் என்ற நிறப்பொருளின் அளவும் வகையும்தான் வேறுபடுது, அது மரபணுவில் வருவது.

கடைசிச் சுற்று கிரீமுக்கு. 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் பேரை மாற்றிக்கொண்டது எல்லாருக்கும் தெரியும், அதில் நேரம் போக்க வேண்டாம். மருந்துக்கடையில் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கும் ட்யூபைத்தான் கொண்டுவரச் சொல்லி, பின்பக்கம் வாசிக்கணும். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. முதலில் முகம் வெளுக்கும். போகப்போகத் தோல் மெலிந்து ரத்தக்குழாய் தெரியும், பரு கிளம்பும், முடி வளரும். மாதக்கணக்கில் போட்டவர் சட்டென்று நிறுத்தினால் முகம் சிவந்து எரியும், பயந்து மறுபடியும் அதையே பூசுவார். அதனால் "தூக்கிப் போடுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீங்க. ட்யூபையும் கையோடு எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க; எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று அவர் சொல்லட்டும்.